தேவைப்பட்டா சார்

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு மணல் கடிகாரம் வரும். பொறு, வேலை நடக்கிறது என்று அர்த்தம். என் இளமையில் நான் அதிகம் பார்த்த முகம் அதுதான். அம்மாவின் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. இப்போது எல்லாம் சொடக்குப் போடுவதற்குள் திறந்துவிடுகிறது. எனக்கென்னவோ அந்த மணல் கடிகாரத்தையும், அதை ஒழித்துக்கட்டிய மனிதரையும் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி எங்களுடையது. தலைமை அலுவலகம் தொலைவில், கண்ணாடி வைத்த கட்டிடத்தில். நாங்கள் கிளை. ஒரு டயர் கடைக்குப் பின்னால், ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனையும் மூடினால் கிரீஸ் வாசனையும் வரும் ஒரே ஒரு ஹால். சுவர் ஓரமாக இரும்பு அலமாரி, அதில் சுருட்டி வைத்த கம்பி வடங்கள், கப்பிகள். நடுவில் என் மேஜை, போன், கம்ப்யூட்டர், கரகரவென்று கத்தும் பிரின்டர். நான் போன் எடுப்பவள். இரண்டு மெக்கானிக்குகள். மூத்தவரை எல்லாரும் அண்ணன் என்போம், என் அப்பா வயது. சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்கா. அவ்வளவுதான் கிளை.

வேலை சுலபமானது. "லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு, உள்ள ஆள் இருக்காங்க" என்று போன் வரும். நான் கட்டிடத்தின் எண்ணைத் தட்டுவேன். விவரம் திரையில் வரும். வேலைச்சீட்டை பிரின்ட் எடுத்து அண்ணனிடம் நீட்டுவேன். முகவரி, என்ன வகை லிஃப்ட், அடியில் 'எச்சரிக்கை' என்று ஒரு கட்டம். மோட்டார் அறைச் சாவி யாரிடம், மாடியில் நாய் உண்டா, எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான கட்டிடங்களுக்கு அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும்.

சிக்கல், அந்த விவரம் திரைக்கு வருவதில்தான். ஒரு கட்டிடத்தைத் திற என்றால் அதன் எல்லா லிஃப்டுகளும், ஒவ்வொரு லிஃப்டின் எல்லாப் பாகங்களும், ஒவ்வொரு பாகமும் எப்போது மாற்றப்பட்டது, யார் மாற்றியது, கட்டிடத்தின் போட்டோ உட்பட அத்தனையும் தலைமை அலுவலகத்துப் பெரிய கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பி வரும். விருந்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் தெருவே திரண்டு வந்த மாதிரி. வருகிற வழியோ ஒரு டெலிபோன் கம்பி. மணல் கடிகாரம் சுற்றும். போனில் இருப்பவர் என்னைத் திட்டுவார். அண்ணன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். "தங்கச்சி, வந்துச்சா?" "வரலைண்ணே." சில நாள் அவர் சீட்டு வாங்காமலே போய், அங்கிருந்து போன் போட்டு விவரம் கேட்டதும் உண்டு.

தலைமை அலுவலகத்துக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. பெரிய கம்ப்யூட்டர் அவர்களுடைய அடுத்த அறையில். அதனால் போன் வந்ததிலிருந்து மெக்கானிக் கிளம்புவதற்கு ஆகும் நேரத்தை மாதாமாதம் கணக்குப் போட்டால் எங்கள் கிளை எப்போதும் கடைசி. லைன் மெதுவாக இருக்கிறது என்று நான் பெரிய மேனேஜரிடம் சொன்னேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம் என்று அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னார். ஆண்டு முடிவுக்குள் நேரம் குறையாவிட்டால் கிளையை மூடிவிட்டு, போன்களைத் தலைமை அலுவலகத்திலேயே எடுத்துக்கொள்வார்களாம். மெக்கானிக்குகள் அங்கே இடம் மாறலாமாம். அண்ணனுடைய மனைவி படுத்த படுக்கை. அவர் எங்கே மாறுவது? என் வீட்டில் அம்மா, படிக்கிற தம்பி, நான் என்று மூன்று பேருக்கும் என் சம்பளம்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு தினமும் போன் போட்டுக் கத்த ஆரம்பித்தேன்.

போனை எடுத்து அந்தக் கத்தலையெல்லாம் வாங்கிக்கொண்டவர்தான் இவர். எங்கள் புரோகிராமை எழுதுகிறவர்களில் மூத்தவர். நான் ஒரு மூச்சு திட்டி முடித்ததும், "சரிங்க மேடம்" என்பார். அவ்வளவுதான். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், "தேவைப்பட்டா வந்து பார்க்கிறேன்." எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்லில் வந்து நிற்பார். தலைமை அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'தேவைப்பட்டா சார்' என்று பிறகு தெரிந்தது. கழுவுற மீனில் நழுவுற மீன் என்று நான் அண்ணனிடம் புலம்பினேன்.

ஆனால் வந்தார். சொல்லிக்கொள்ளாமல் ஒரு காலையில் ஒல்லியாக ஒருவர் வாசலில் நின்றார். கக்கத்தில் துண்டில் சுற்றிய நீளமான பொட்டலம். பிரித்தால் ஒரு கீபோர்டு. எங்கே போனாலும் சொந்தக் கீபோர்டை எடுத்துக்கொண்டு போகிற ஆள். அதை எங்கும் மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாள் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. பொறுக்க முடியாமல், என்ன சார் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க எதைப் பார்க்கிறீங்கன்னு பார்க்கிறேன்" என்றார்.

கேட்ட பிறகு ஒழுங்காகவே விளக்கினார். கேட்டால் விளக்குவார், அதில் குறை சொல்ல முடியாது. வந்து குவிகிறதில் நான் பார்ப்பது முகவரியையும் லிஃப்ட் வகையையும் மட்டும்தான். போட்டோவைப் பார்க்கவில்லை, பாகங்களின் பட்டியலைத் தொடவில்லை. பார்க்காததை எதற்குச் சுமந்துகொண்டு வர வேண்டும்? முதலில் மேலோட்டமான விவரம் மட்டும் வரட்டும். மற்றது ஒவ்வொன்றும் ஒரு பொத்தானுக்குப் பின்னால் சும்மா பெயராக நிற்கட்டும். நான் அந்தப் பொத்தானைத் தொட்டால், அந்த நொடியில் போய் அதை மட்டும் எடுத்து வரும். தொடாவிட்டால் வராது. இதற்கு அவர்கள் தொழிலில் லேசி லோடிங் என்று பெயராம். லேசி என்றால் சோம்பேறிதானே என்றேன். ஆமாம் என்று வெட்கப்பட்டார். எங்களைச் சோம்பேறி என்று மேனேஜர் சொல்ல, நீங்கள் கம்ப்யூட்டரையே சோம்பேறியாக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதல்முறையாகப் பார்த்தேன். பல்வரிசை நன்றாக இருந்தது. மனுஷர் அதையும் கேட்டால்தான் காட்டுவார் போலிருக்கிறது.

மத்தியானம் ஒரு போன். லிஃப்ட் இல்லை, அவருடைய மனைவி. எங்கள் எண்ணை எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறார். வேலை விஷயமாக ஒருவர் அங்கே வந்தாரா, இன்றைக்குத் திரும்புவாரா என்று கேட்டார். இவர் வீட்டில் சொல்லாமலே வந்திருக்கிறார். ஆள் பிரின்டருக்கு அடியில் தலையை விட்டிருந்ததால் நானே பேசினேன். பேசப் பேச ஒட்டிக்கொண்டோம். போன வருஷம் இவருக்கு ஜுரமாம். தற்செயலாகத் தொட்டுக் கை சுட்டதும்தான் அந்த அம்மாவுக்கே தெரிந்ததாம். "ஏன் சொல்லலைன்னா, நீ கேட்கலையேங்கிறார். மனுஷனைத் தினமும் தொட்டுப் பார்த்து கேட்டுக்கிட்டே இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க" என்று சிரித்தார். சிரிப்புக்கு அடியில் சிரிப்பு இல்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்கு இவரைத் தலைவராக்கப் போகிறார்கள் என்பதும் அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியுமாம். இத்தனை வருஷம் காத்திருந்த பதவி, இந்த முறையாவது கிடைத்துவிட வேண்டும் என்றார். அன்றிலிருந்து நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். முகம் பார்த்ததில்லை, போன் உறவுதான்.

புதிய புரோகிராம் வந்த காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எண்ணைத் தட்டினேன். விரலை எடுப்பதற்குள் விவரம் வந்து நின்றது. நான் நம்பாமல் இன்னொரு கட்டிடத்தைத் தட்டினேன். பிறகு இன்னொன்று. சாமான் அறை அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணன் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்ன தங்கச்சி, இன்னும் செருப்பே மாட்டலையே நான்" என்றார். நான் அழுதுவிட்டேன். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், ஒரு திரை சீக்கிரம் திறந்ததற்கு அழுதாளாம் என்று. கிளை பிழைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

பட்டியலில் கடைசியிலிருந்து மேலே ஏறினோம். தேவைப்பட்டா சாரிடம் போனில் நன்றி சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டது. சீட்டுக் கொடுத்தேன், அண்ணன் போனார். எச்சரிக்கைக் கட்டம் காலி. வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அந்தக் கட்டிடத்தில் லிஃப்டுக்கும் மூன்றாவது மாடிக்கும் ஒரே சுவிட்ச். மூன்றாவது மாடியில் மூச்சுவிடும் மெஷினோடு ஒருவர் படுத்திருந்தார். அவருடைய மகள் படியில் ஓடிவந்து அலறியதில் அண்ணன் உடனே சுவிட்சைப் போட்டுவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரும்பி வந்த அண்ணன் பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்துவிட்டார். கொடுத்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

நான் அந்தக் கட்டிடத்தைத் திறந்து, எச்சரிக்கைப் பொத்தானைத் தொட்டேன். 'மெயின் சுவிட்சை அணைக்கக் கூடாது, மூன்றாம் மாடியில் நோயாளி' என்று கொட்டை எழுத்தில் வந்தது. மறுபடி பிரின்ட் கொடுத்தேன். சீட்டிலும் வந்தது. எனக்குப் புரியவில்லை. அண்ணன் கையிலிருந்த சீட்டில் இல்லை, இப்போது எடுத்ததில் இருக்கிறது. அப்படியென்றால் நான் என்னதான் செய்தேன்?

பெரிய மேனேஜருக்குச் சந்தேகமே இல்லை. விவரம் இருக்கிறது, பிரின்ட் எடுத்தால் வருகிறது. அப்படியானால் கிளையில் அவசரப்பட்டுப் பழைய சீட்டையோ அரைகுறைச் சீட்டையோ கொடுத்திருக்கிறார்கள். வேகம் வந்தது, பொறுப்பு போய்விட்டது. கிளையை மூடுவதுபற்றி முடிவெடுக்க ஒரு கூட்டம் வைத்து, என்னையும் வரச் சொன்னார்.

கூட்டத்துக்கு முன் தேவைப்பட்டா சார் கீபோர்டோடு மறுபடி வந்தார். இந்த முறை தன் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையிலேயே வைத்தார். ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்க்க அவர்களிடம் ஒரு ஜன்னல் உண்டு. அதில் கட்டிடத்தின் ஒவ்வொரு விவரத்தையும் விரித்துப் பார்ப்பார், பிறகு ஓட விடுவார். எச்சரிக்கை சீட்டில் ஒழுங்காக வரும். மறுபடி நிறுத்துவார், பார்ப்பார், விடுவார். மறுபடி வரும். பிரின்டர் தாளாகத் துப்பியது. ஒரு சீட்டில்கூடத் தப்பில்லை. பிசகு என்னுடையதுதான் என்று நானே நம்பத் தொடங்கினேன்.

சாயங்காலம் அவர் எழுந்து தன் கம்ப்யூட்டரை அணைத்தார். "மேடம், அன்னைக்கு எப்படிப் பண்ணீங்களோ அப்படியே பண்ணுங்க. நான் பார்க்கலை" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே டயர் கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் எண்ணைத் தட்டினேன். வேறெதையும் தொடாமல் பிரின்ட் கொடுத்தேன். கட்டம் காலியாக வந்தது.

அவர் சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கீபோர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் அப்போது கேட்க வாய் வரவில்லை, அவ்வளவு பயம். கட்டம் ஏன் காலியாக வந்தது, அவர் என்ன கண்டுபிடித்தார், யார் பக்கம் பேசுவார், எதுவும் தெரியாமலே கூட்டத்துக்குப் போனேன்.

கண்ணாடிக் கட்டிடத்தில் நீள மேஜை. அதில் ஒரு கம்ப்யூட்டர், பிரின்டர். அன்றைய கூட்டத்திலேயே கம்ப்யூட்டர் பிரிவின் புதிய தலைவரை அறிவிக்கப் போவதாக வாசலிலேயே பேசிக்கொண்டார்கள். தேவைப்பட்டா சார் கடைசி நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். அதை இஸ்திரி போட்டது யார் என்று எனக்குத் தெரியும். பெரிய மேனேஜர் அவரிடம் இரண்டே கேள்வி கேட்டார். எச்சரிக்கை நம் கம்ப்யூட்டரில் இருக்கிறதா? இருக்கிறது என்றார். நீங்கள் எடுத்துப் பார்த்தபோது சீட்டில் வந்ததா? நான் பார்த்தபோதெல்லாம் வந்தது என்றார். இரண்டும் உண்மை. இரண்டு உண்மையும் சேர்ந்து என் கழுத்தை அறுத்தன. இந்த ஆள் இத்தோடு வாயை மூடிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும், அவர் சுபாவம் அதுதான். நான் அவரை அங்கேயே வெறுத்தேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, "சட்டியில இருந்தாதானே அகப்பையில வரும்னு சொல்வாங்க. இங்க சட்டியில இருந்தும் உங்க அகப்பையில வரலையேம்மா" என்றார். பேச்சு முடிந்தது என்கிற மாதிரி பேனாவை மூடினார்.

"சார்" என்று கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல். "நான் இன்னொண்ணும் சொல்லணும்."

எல்லாரும் திரும்பினோம்.

"சட்டியில இருக்கு. அகப்பையை உள்ள விடவே இல்லை. அது இவங்க தப்பில்லை, நான் எழுதினது." எழுந்து வந்தார். கம்ப்யூட்டரைக் காட்டி, மேனேஜரையே கட்டிடத்தைத் திறந்து நேராக பிரின்ட் எடுக்கச் சொன்னார். காலி. அதே கட்டிடத்தில் எச்சரிக்கைப் பொத்தானைத் தொட்டுவிட்டு எடுக்கச் சொன்னார். வந்தது. "யாராவது கேட்டாதான் போய் எடுத்துட்டு வர்ற மாதிரி பண்ணேன். திரையில கேட்கிறாங்க. சீட்டு கேட்கிறதில்லை, கையில இருக்கிறதை மட்டும் அச்சடிக்குது. இன்னும் வரலைங்கிறதுக்கும் ஒண்ணுமே இல்லைங்கிறதுக்கும் ரெண்டுக்கும் நான் ஒரே காலிக் கட்டத்தை வச்சுட்டேன். நான் சோதிச்சப்போ ஜன்னல்ல பார்த்தேன். பார்க்கிறதே கேட்கிறதுதான். அதனால எனக்கு மட்டும் எப்பவும் வந்துச்சு. மத்தது எல்லாம் தேவைப்பட்டா வரட்டும் சார். எச்சரிக்கை மட்டும் யாரும் கேட்காமலே முதல்ல வரணும். மாத்தி எழுதி வச்சிருக்கேன், இன்னைக்கே போட்டுடலாம்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்தக் கட்டிடத்தில் யாரும் கேட்டதில்லையாம். மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். மேனேஜர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். ஒரு மனிதர் சாகக் கிடந்த விஷயம், இப்படிச் சாதாரணமாகச் சொல்கிறீர்களே என்று மட்டும் கேட்டார். சாதாரணமாகச் சொல்லவில்லை சார் என்றார் இவர்.

கிளையை மூடவில்லை. பிறகு பல வருஷம் அந்த ரப்பர் வாசனையில்தான் வேலை பார்த்தேன். அண்ணன் அங்கிருந்துதான் ஓய்வு பெற்றார். கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவராக அன்றைக்கு வேறொருவர் பெயரை வாசித்தார்கள். கைதட்டினார்கள். தேவைப்பட்டா சாரும் தட்டினார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. எங்களைக் காப்பாற்றப் போய் அந்த வீட்டின் பல வருஷக் காத்திருப்பு போய்விட்டது. வரவேற்பறை போனிலிருந்து அந்த அக்காவைக் கூப்பிட்டேன். இவர் எப்படியும் சொல்லப் போவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதற்கு நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பதவி போன துக்கத்தில் அழுவார் என்று நினைத்தேன்.

"யாரும் கேட்காமலா சொன்னார்?" என்றார் அக்கா.

ஆமாம் என்றேன்.

"அவராவேவா?"

ஆமாம் அக்கா என்றேன்.

"சரி. நீங்க எனக்குச் சொன்னதை அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. வீட்டுக்கு வரட்டும். நான் எதுவும் கேட்கப் போறதில்லை."

மறுநாள் கிளையில் முதல் போன் அடித்ததும் லிஃப்ட் என்று நினைத்து எடுத்தேன். அக்கா. முதலில் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"சொல்லிட்டார்" என்றார். "வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே சொல்லிட்டார். நான் அடுப்பங்கரையில இருந்தேன். நின்ன இடத்துலயே எல்லாத்தையும் சொன்னார். உள்ள வந்து உட்காருங்கன்னு சொல்லக்கூட எனக்குத் தோணலை."